உள்ளே புழு இல்லை

அறுபதைத் தாண்டியவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். சின்னவர்களிடம் சொன்னால் ‘டென்ஷன் ஆகாதீங்கம்மா, பிரஷர் ஏறும்’ என்கிறார்கள். ஏறட்டும். ஐம்பத்தைந்து வருஷமாக ஏறாத பிரஷரா?

பரவைப் பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். மொட்டைமாடியில் பைகளில் மண் போட்டு அவரை வளர்க்கிறேன். போன மார்கழியில் ஒரு சாயங்காலம் எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டார். மாடிப்படிச் சுவரில் ஒரு பூச்சி. குச்சி மாதிரி உடம்பு, அதற்குக் குறுக்கே இன்னொரு குச்சியை வைத்த மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிய இறக்கை, நீள நீளமான கால். கீழே ‘புது வகை டெங்கு கொசு. அனைவரும் ஜாக்கிரதை’ என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான், ஆளாளுக்குக் கும்பிடு போடும் பொம்மையை அனுப்பினார்கள். ஒருவர் புகைமருந்து அடிக்கச் சொன்னார். இன்னொருவர் மொட்டைமாடிச் செடிகளை எல்லாம் அப்புறப்படுத்தச் சொன்னார். அந்தச் செடிகள் என்னுடையவை.

நான் பதில் எழுதினேன். ‘அது கொசு இல்லை. இறகுப்பூச்சி. அந்துப்பூச்சியில் ஒரு வகை. யாரையும் கடிக்காது. அவரைச் செடிக்குத்தான் அதனால் நஷ்டம், அந்த நஷ்டம் எனக்குத்தான்.’ செயலாளர் ‘தங்கள் கருத்துக்கு நன்றி மேடம்’ என்று போட்டுவிட்டு, மறுநாளே புகைமருந்துக்கு ஆள் சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. அவர் பாவம், என்ன தெரியும் அவருக்கு. ஆனால் இதே பூச்சியைக் கையில் வைத்துக்கொண்டு இதே வழக்கைப் பத்து வயதில் நான் பேசியிருக்கிறேன். அன்றைக்கும் கொசு என்றுதான் சொன்னார்கள். அன்றைக்குப் போனது செடி மட்டும் இல்லை.

அப்போது நாங்கள் தெற்குவாசல் பக்கம் ஒரு வளவில் இருந்தோம். ஒரு பெரிய வாசலுக்குள் ஐந்து குடித்தனம், நடுவில் ஒரு கிணறு, கடைசியில் தகரம் போட்ட குளியலறை. வளவில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; யார் வீட்டில் என்ன குழம்பு, யார் யாரோடு பேசவில்லை என்பதெல்லாம் அங்கே பொதுச்சொத்து. வீட்டுக்காரம்மா சௌராஷ்டிரக்காரர். அவர்கள் வீட்டுக்குள் அவர்கள் பாஷை, எங்களிடம் தமிழ், கிணற்றடியில் யாராவது தண்ணீரை வீணாக்கினால் இரண்டும் கலந்து வரும்.

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா ஒரு மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அம்மா. நான். அப்புறம் அத்தை, அப்பாவின் தங்கை. எழுமலையில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு, தட்டச்சு படிப்பதற்காக மதுரைக்கு வந்து எங்களோடு இருந்தாள். லோயர் பாஸ் பண்ணிவிட்டாள். மாசியில் ஹையர் பரீட்சை. அதையும் பாஸ் பண்ணிவிட்டால் வேலைவாய்ப்பு ஆபீஸில் பதிந்துவிடலாம், இவள் வேகத்துக்கு ஏதாவது ஒரு அரசாங்க ஆபீஸ் கட்டாயம் கூப்பிடும் என்று அவளுடைய இன்ஸ்டிடியூட் சார் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அத்தை அந்த வருஷம் முழுவதையும் ஓட்டினாள். காலையில் ஆறு மணி வகுப்புக்குக் குளிரில் நடந்தே போவாள். திரும்பி வரும்போது விரல் நுனியில் ரிப்பன் மை இருக்கும். அந்தக் கையால் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, “இன்னைக்கு ஒரு தப்புகூட இல்ல பிள்ள” என்பாள்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஆகாது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஒரு அடுப்படி, இரண்டு பெண்கள், அம்புட்டுதான். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாவிடம் சமாதானமே கிடையாது. மாதத்தில் மூன்று நாள் தூரம் என்றால் அம்மா பின்கட்டில் போய் உட்கார்ந்துவிடுவாள். தனித்தட்டு, தனிச்செம்பு, தனிப்பாய். அந்த நாட்களில் கறிவேப்பிலைச் செடியைத் தொட்டால் பட்டுப்போகும், மல்லிகைக் கொடியில் நிழல் விழுந்தால் மொட்டு கருகும் என்பது அவள் பிறந்த வீட்டுச் சட்டம். சட்டத்தை அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. தானும் அப்படி இருந்தாள், மற்றவர்களும் இருக்க வேண்டும் என்றாள்.

அத்தையால் அது முடியாது. மாதம் மூன்று நாள் மெஷினில் கை வைக்காவிட்டால் வேகம் போய்விடும். அதனால் அவள் சொல்வதில்லை. சொல்லாமலே வகுப்புக்குப் போய் வந்தாள். எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. வெள்ளிக்கிழமை அத்தை ஏன் விளக்கேற்ற வரவில்லை, தலைவலி என்று ஏன் படுத்துக்கொண்டாள் என்பதெல்லாம் எனக்கு வெறும் தலைவலிதான்.

அந்த வருஷம் ஆடியில் அம்மா குளியலறை ஓரமாக அவரை விதை போட்டாள். இரண்டே மாதத்தில் கொடி கம்பில் ஏறி, தகரத்தை மூடி, அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா சுவரையும் பிடித்துவிட்டது. கார்த்திகையில் பூ. ஊதாவும் வெள்ளையுமாகக் கொத்துக் கொத்தாக நிமிர்ந்து நின்றது. இலையைக் கசக்கினால் ஒரு பச்சை நாற்றம் வருமே, அது எங்கள் குளியல் சோப்பு வாசனையோடு சேர்ந்து அந்த மூலை முழுவதும் கிடக்கும். அம்மா வளவு பூராவும் சொல்லிவைத்தாள். “இந்தப் பொங்கலுக்கு யாரும் அவரைக்காய் வாங்காதீங்க. அஞ்சு வீட்டுக்கும் நம்ம பந்தல்தான்.” அம்மாவுக்கு நகை இல்லை, படிப்பு இல்லை, அப்பாவின் சம்பளத்தில் ஒரு சேலைகூடத் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. ஐந்து வீட்டுக்கு அள்ளிக் கொடுக்க அவளிடம் முதன்முதலாக ஒன்று இருந்தது. இதை இப்போது சொல்கிறேன். அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மார்கழி பிறந்தது, காய் கெட ஆரம்பித்தது.

முதலில் பிஞ்சுக் காயின் தோலில் சுரண்டல். நகத்தால் கீறின மாதிரி. அப்புறம் ஓட்டை, விதை இருக்கும் மேட்டுக்கு நேர் மேலே வட்டமாக ஒன்று. காயைப் பிளந்தால் அந்த இடத்தில் விதை இருக்காது, அல்லது பாதி விதை இருக்கும். பக்கத்து அறையில் அடுத்த விதை முழுசாக இருக்கும். புழு கிடையாது. புழுவின் கழிவு கிடையாது. துடைத்து வைத்த மாதிரி இருக்கும். கத்தரிக்காயிலும் வெண்டைக்காயிலும் புழு பார்த்துப் பழகிய அம்மாவுக்கு இது புரியவே இல்லை.

ஒரு முந்தானை நிறைய ஓட்டைக் காயைக் கொண்டுவந்து அப்பா முன்னால் கொட்டினாள். அப்பா தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக்காக ஒரு படம் வரைந்துகொண்டிருந்தார். ‘பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி’. முட்டை, புழு, கூட்டுப்புழு, முழுப்பூச்சி, நடுவில் வட்டமாக அம்புக்குறிகள். வண்ணம் அடிப்பது என் வேலை. வண்ணத்துப்பூச்சியின் இறக்கைக்கு நான் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிற்றெரிச்சல். நாலு பருவத்தையும் நாங்கள் அட்டையில் வரைந்துகொண்டிருந்தபோது, நாலும் உயிரோடு இருபது அடி தள்ளிக் குளியலறைக் கூரையில் நடந்துகொண்டிருந்தன.

“என்னங்க, சயின்ஸ் வாத்தியாரு நீங்க. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க.”

அப்பா ஒரு காயை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிளந்தார்.

“உள்ள புழு இல்லை” என்றார்.

“அதான் எனக்கும் தெரியுதே. புழு இல்லாம ஓட்டை எப்படி விழும்?”

“உள்ள புழு இல்லை” என்று மறுபடியும் சொல்லிவிட்டு அம்புக்குறிக்கு மை தொட்டார்.

அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. படித்தவரே புழு இல்லை என்று சொல்லிவிட்டார். புழு இல்லாமல் ஒரு பந்தல் பாழாகிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் என்ன என்று அவள் பிறந்த வீடு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தது. அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு அத்தையின் போக்குவரத்தைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

எனக்கோ அரைப்பரீட்சை லீவு. துவைக்கிற கல்லில் ஏறினால் என் முகத்துக்கு நேராகப் பந்தல். மூன்று நாள் காலையும் மாலையும் ஏறி நின்றேன். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காய்க்குக் கீழே இருந்த இலையில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு மணிகள் கிடந்தன. தலையைத் தூக்கிப் பார்த்தேன். காயோடு காயாக, காயின் நிறத்திலேயே ஒரு புழு. அரை விரல்கூட இல்லை. நடுவில் பருத்து இரண்டு பக்கமும் ஒல்லியாக, உடம்பெல்லாம் குட்டி குட்டியாக முள் மாதிரி மயிர். அது காய்க்குள் போகவில்லை. தலையை மட்டும் ஓட்டைக்குள் விட்டிருந்தது. மற்ற உடம்பெல்லாம் வெளியே. நாம் சன்னலில் தலையை நுழைத்துப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பார்ப்போமே, அப்படி நின்றுகொண்டு சாவகாசமாகத் தின்றது. தின்றது போதும் என்றதும் தலையை உருவிக்கொண்டு அடுத்த விதையின் மேட்டுக்கு நகர்ந்தது. கழிவு வெளியே விழுந்தது. உள்ளே எப்படி அழுக்கு இருக்கும்?

ஒன்றைப் பார்க்கக் கண் பழகிவிட்டால் அப்புறம் எல்லாம் தெரியும். அந்தக் கொத்தில் ஐந்து, அடுத்ததில் மூன்று. சில காய்களில் புழு அசையாமல் வாலால் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்த்தேன். உள்ளே ஏதோ நெளிந்தது. சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரத்தில் இலைகளுக்கு இடையில் சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஏதோ பறந்தது. கனமே இல்லாமல், காற்றில் மிதந்து போகும் பஞ்சு மாதிரி. இலையின் அடியில் போய் உட்கார்ந்ததும் இறக்கையைச் சுருட்டிக் குறுக்கே நீட்டிக்கொண்டது.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். “அம்மா, புழு வெளிய நிக்குதும்மா. தலைய மட்டும் உள்ள விட்டுத் திங்குது.”

“புழுன்னா உள்ளதான் இருக்கும். போ, போய் வாய்ப்பாடு படி.”

“நீ வந்து பாரும்மா.”

அவள் வரவில்லை. அதற்குப் பதிலாக என்னை அடுப்படிக்குள் இழுத்து, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டாள். “கல்லுல ஏறி ஏறி நிக்கியே, ஒங்க அத்தை பந்தலுக்குப் பின்னாடி துணி காயப்போடுறதப் பாத்தியா?”

பார்த்திருந்தேன். கொடிக்குப் பின்னால், சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே வெயில் விழும் ஒரு இடுக்கு. வேறு யார் கண்ணிலும் படாது. அங்கே அத்தை சின்னத் துணிகளைக் கட்டிவிட்டுப் போவாள். துணிக்கொடியில் இடம் இருக்கும்போது ஏன் அங்கே கட்டுகிறாள் என்று நான் யோசித்ததுகூட இல்லை.

“பாத்தேன்” என்றேன்.

பத்து வயசுப் பிள்ளை உண்மையைச் சொன்னதற்காக யாரும் திட்ட முடியாது. நானே என்னைத் திட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

அன்றைக்கு மத்தியானம் கிணற்றடியில் வைத்தே அம்மா கேட்டுவிட்டாள். ஐந்து வீட்டுப் பெண்களும் கேட்டார்கள். அத்தை பொய் சொல்லவில்லை. “ஆமா மதினி. வகுப்புக்குப் போனேன். துணியும் அங்கதான் போட்டேன். வேற எங்க போடுறது, நீங்களே சொல்லுங்க” என்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. அம்மாதான் அழுதாள். “அஞ்சு வீட்டுக்கும் சொல்லிவச்சேனே. எம்புட்டு ஆசையா வளர்த்தேன். ஒரு பச்சைக்கொடிய இப்படிக் கருக்கிப்புட்டாளே” என்று அந்த ஓட்டைக் காய்களை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரம்மா மட்டும் எட்டிப் பார்த்து, “ரெண்டு படி சாம்பலத் தூவி விடுங்கம்மா. பொண்ணு தொட்டா செடி போகும்னா, நாலு மகள வச்சிருக்கேனே, என் வீட்டுல புல்லுகூட முளைச்சிருக்காது” என்றார். வாடகை வாங்குகிறவர் சொன்னால் மட்டும் யார் கேட்கிறார்கள்?

சாயங்காலம் அப்பா வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மாட்டிய சட்டையைப் பார்த்தே சொன்னார்: “கொஞ்ச நாள் எழுமலையில இருந்துட்டு வரட்டும். பொங்கல் கழியட்டும்.”

“பரிச்சை இருக்குண்ணே. மாசியில.”

“அதுக்குள்ள வந்துக்கலாம்.”

எழுமலையில் அப்போது தட்டச்சு மெஷின் எங்கே இருந்தது? ஒன்றரை மாதம் மெஷினைத் தொடாமல் ஹையர் பரீட்சைக்கு யார் உட்கார முடியும்? அது அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும், எனக்கே தெரியும். ஐந்து நாள் கழித்துப் பஸ் என்று முடிவானது.

என்னிடம் ஐந்து நாள் இருந்தது. நான் வாலால் ஒட்டிக்கொண்டு நின்ற ஒன்றைக் காயோடு கிள்ளி, கழுவிய ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்பா வரைந்த படத்தை நான் நம்பினேன், பாருங்கள். அதன்படி இந்தக் கூட்டுப்புழுவிலிருந்து முழுப்பூச்சி வரும். வந்தால், புழு இருந்தது என்று ஆகிவிடும். புழு இருந்தது என்றால் அத்தை போக வேண்டியதில்லை. பத்து வயசில் எவ்வளவு ஒழுங்காக யோசித்திருக்கிறேன்! பெரியவர்களும் அதே ஒழுங்கில்தான் யோசிப்பார்கள் என்று நினைத்ததுதான் கிறுக்குத்தனம்.

இரண்டாம் நாள் அம்மா பாட்டிலைக் கண்டுபிடித்துவிட்டாள். “செத்த புழுவ அரிசிப் பானைகிட்ட வச்சிருக்கு, பொம்பளப்பிள்ளையா இது?” என்றாள்.

“பாத்தியா, புழுன்னு நீயே சொல்லுற!”

“இது அங்கன எங்கிட்டாவது கிடந்த கம்பளிப்புழு. பேச வந்துட்டா பேச்சு.” பாட்டிலைக் குப்பையில் போட்டாள். நான் பொறுக்கிவந்து என் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அது கொஞ்சம் கறுத்தது. நாலாம் நாளும் அப்படியே இருந்தது. அத்தை துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். தட்டச்சுப் புத்தகத்தை எடுத்து வைக்கிறாளா என்று பார்த்தேன். அதை மட்டும் வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் பையைத் திறந்தால், பாட்டிலுக்குள் வெறும் தோல் காயில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூடிக்குக் கீழே கண்ணாடியில் அது உட்கார்ந்திருந்தது. சாம்பலும் பழுப்புமாக. அப்போதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். பாட்டிலை ஆட்டியதும் இறக்கையை விரித்தது. ஒவ்வொரு முன்னிறக்கையும் நுனியில் இரண்டாகப் பிளந்திருந்தது. பின்னிறக்கை மூன்று மூன்றாக. ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் கோழி இறகு மாதிரி மெல்லிய மயிர். அப்பாவின் படத்தில் இருந்த மஞ்சள் பூச்சி இதன் கால் தூசிக்குப் பெறாது.

வாசலுக்கு ஓடினேன். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார், அத்தையைப் பஸ் ஸ்டாண்டில் விடுவதற்கு. அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வந்துருச்சு! புழுவுல இருந்து பூச்சி வந்துருச்சு!” என்று வளவே கேட்கக் கத்தினேன்.

அம்மா ஒரு பார்வை பார்த்தாள். “கொசுவப் பிடிச்சுப் பாட்டில்ல போட்டிருக்கா.”

அப்பா கையை நீட்டி வாங்கினார். அவருக்குத் தூரப்பார்வை சரியில்லை. எதையாவது உண்மையிலேயே கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். கழற்றினார். பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் திருப்பினார். ஒரு முழு நிமிஷம் இருக்கும். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலை என் கையில் கொடுத்தார்.

“கொண்டுபோய் வெளிய விடு” என்றார்.

அத்தை போய்விட்டாள்.

அதற்கப்புறம் பந்தல் தேறியதா என்று கேட்பீர்கள். எங்கே தேறுவது? இன்னும் மோசமானது. அத்தை எழுமலையில் இருக்க, இங்கே காய்க்குக் காய் ஓட்டை. அம்மா சாம்பல் தூவினாள், திருஷ்டிக்குக் கறுப்புத் துணி கட்டினாள், பொங்கலுக்குக் கடைக்கு ஆள் அனுப்பி அவரைக்காய் வாங்கினாள். ‘அதான் ஆள் போயாச்சே, இப்ப எப்படி விழுது ஓட்டை?’ என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே. நான் கேட்டேன். “தோஷம் வேரோட இறங்கிருச்சு” என்று பதில் வந்தது. மாசியில் கொடியை அறுத்து எறிந்தார்கள். பரீட்சையும் அதே மாசியில்தான் வந்து போனது. நுழைவுச்சீட்டு எங்கள் முகவரிக்கு வந்தது. அப்பா அதை எடுத்து அலமாரியில் வைத்தார். வைகாசியில் அத்தைக்கு எழுமலையிலேயே கல்யாணம். மாமா வீட்டுக்கு மானாவாரி நிலம். துவரையும் மொச்சையும்.

இத்தனை வருஷமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? பாவம், தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று. அம்மாவுக்குப் படிப்பு இல்லை. அப்பா புத்தகத்தில் உள்ள பூச்சியை மட்டும் தெரிந்த வாத்தியார். அறியாமை ஒரு பெண்ணின் வேலையைத் தின்றுவிட்டது என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பேரையும் மன்னித்து வைத்திருந்தேன். அம்மா போய், அப்பாவும் போய், படத்துக்கு மாலை போட்டாயிற்று. அத்தையைக் கல்யாணம் காட்சிகளில் பார்ப்பேன். இந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டேன். ‘பாத்தேன்’ என்று சொன்ன வாய் இது.

போன மார்கழியில் அந்த டெங்கு கொசுக் கூத்து நடந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனில் அந்தப் பூச்சியின் படத்தைப் பெரிசாக எடுத்தேன். பெயர், வாழ்க்கை, எந்தச் செடி, எந்த மாதம், எல்லாவற்றையும் தேடிப் படித்தேன். அவரைக்கு வருவதைவிடத் துவரைக்குத்தான் இது அதிகம் வருமாம். பனிக்காலத்துப் பூச்சியாம். மொட்டிலும் பிஞ்சிலும் ஒவ்வொன்றாக முட்டை வைக்குமாம். புழு காய்க்கு வெளியே நின்றுதான் தின்னுமாம். அச்சில் போட்டிருக்கிறான், நான் துவைக்கிற கல்லில் நின்று பார்த்ததை! மறுநாளே ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, எழுமலையில் போய் இறங்கினேன்.

அத்தை வீட்டுக்குப் பின்னால் துவரைக்குள் நின்றுகொண்டிருந்தாள். மாமா இல்லை, நிலத்தை மகன் பார்க்கிறான். வீட்டை ஒட்டிய இந்தத் துண்டு மட்டும் அவள் பாடு. எழுபத்தாறு வயசு. என்னைப் பார்த்ததும், “என்ன பிள்ள, போன்கூடப் போடாம வந்து நிக்க? காப்பி போடவா?” என்றாள். காப்பி கிடக்கட்டும் என்று போனை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“அத்தை, இதப் பாருங்க. இதுதான். அன்னைக்கு நம்ம அவரைப் பந்தல்ல இருந்தது. நீங்க ஒண்ணும் செய்யல. இந்தப் பூச்சியோட புழுதான்.”

அத்தை போனைப் பார்த்தாள். பக்கத்துச் செடியின் ஒரு காயைத் திருப்பிக் காட்டினாள். அதில் முள் மயிரோடு ஒன்று தலையை ஓட்டைக்குள் விட்டு நின்றது.

“துவரைப்புழு” என்றாள். “இது தெரியாதா எனக்கு? நானும் ஒங்கப்பாவும் சின்னப்பிள்ளையில இதத்தான பொறுக்குவோம். செரட்டையில பொறுக்கிக் கோழிக்குப் போடுவோம். என்னையவிட அதிகமாப் பொறுக்குவாரு அவரு, கண்ணாடிய நெத்தியில ஏத்திவிட்டுக்கிட்டு.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம? இந்த ஊருல பொறந்தவனுக்குத் துவரைப்புழு தெரியாதா? மதினி காயக் கொண்டாந்து கொட்டுன அன்னைக்கே தனியா சொன்னேன். அண்ணே, நம்ம ஊருப் புழுதாண்ணே, மதினிகிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொன்னா எடுபடாதுன்னேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘நான் என்ன பொய்யா சொன்னேன், உள்ள புழு இல்லன்னுதான சொன்னேன்’னாரு. ‘வீட்டுல தினமும் சத்தமா இருக்கு, கொஞ்ச நாள் நீ ஊருல இருந்தா எல்லாம் அடங்கும்’னாரு.” அந்தக் காயைக் கிள்ளிப் புழுவோடு கீழே போட்டுக் காலால் தேய்த்தாள். “நீ பாட்டிலத் தூக்கிட்டு ஓடியாந்தியே, நெனைப்பு இருக்கா? அவரு கண்ணாடியக் கழட்டிப் பாத்தாரா, அப்பச் சொல்லிருவாருன்னு நெனைச்சேன். பெட்டியக் கீழ வச்சுட்டேன். வெளிய விடுன்னாரு. திரும்பத் தூக்கிக்கிட்டேன்.”

நடு வெயிலில் அந்தத் துவரைக்குள் நின்றுகொண்டு எனக்கு வந்த ஆத்திரத்தை என்ன சொல்ல! அறியாமை என்று நினைத்து ஐம்பத்தைந்து வருஷம் மன்னித்தேனே, அத்தனையும் வீண். வீட்டில் சத்தம் இல்லாமல் பேப்பர் படிக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதர் தங்கையின் பரீட்சையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அதையும் ஒரு பொய்கூடச் சொல்லாமல் செய்திருக்கிறார். போய்ச் சண்டை போடலாம் என்றால் அவரும் இல்லை. ‘இது எங்க ஊர்ப் புழு’ என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை போதுமே. என் அம்மா மூடநம்பிக்கைக்காரி என்ற பெயரையும் அவளே சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தாள்.

“நானும்தான் அத்தை சொன்னேன், துணி விஷயத்த” என்றேன்.

“நீ சின்னப்பிள்ள. கேட்டா சொல்லத்தான் செய்வ. நீ ஒருத்திதான அன்னைக்குக் கல்லுல ஏறிப் பாத்த.” அவள் அடுத்த செடிக்கு நகர்ந்தாள். “ஒங்கப்பாவும் அப்படியே மறந்துட்டாருன்னு நெனைக்காத. நடமாட்டம் இருந்த வரைக்கும் வருசா வருசம் தையில வருவாரு. இந்தா இந்த இடத்துல வந்து நிப்பாரு. ‘இந்த வருசம் புழு எப்படி’ம்பாரு. ‘இருக்குண்ணே’ம்பேன். அம்புட்டுதான் பேச்சு. கொஞ்ச நேரம் கூட நின்னு பொறுக்குவாரு, காப்பி குடிச்சிட்டு பஸ் ஏறிருவாரு. அதுதான் அவரு மன்னிப்புக் கேட்டது.”

“அது போதுமா அத்தை உங்களுக்கு?”

அத்தை கையில் இருந்த காயைப் பிளந்து, நல்ல விதையை மடியில் போட்டாள்.

“போதாது” என்றாள்.